மகனுக்கு என்று சொல்லி வாங்கிய கணினி

மூன்று வருடங்களுக்கு முன், பாடசாலை விடுமுறை தொடங்கிய வாரத்தில், சிலாபத்தில் ஒரு கணினிக் கடையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நான் கற்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கணவருக்குக் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் நிற்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் தேத்தண்ணி குடித்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதை எடுத்து வைக்க அந்த வீட்டில் இன்னொரு கை இல்லை.

ஊரடங்கு நாட்களில்தான் அந்தக் கணினி விளையாட்டைக் கண்டேன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் பெரிய லொறி ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஊரில் சாமான் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்குவது, அவ்வளவுதான். எனக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. ஆனாலும் யாரோ விளையாடுகிற அந்த வீடியோக்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. அதற்கு நல்ல கணினி வேண்டும், பாகங்களை வாங்கி நாமே பூட்டினால் நமக்கு வேண்டியபடி அமையும் என்று அறிந்துகொண்டேன். எந்த புரொசசருக்கு எந்த மதர்போர்ட் பொருந்தும், கிராபிக்ஸ் கார்ட் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். எழுதி, வெட்டி, திரும்ப எழுதியே ஒரு வருடம் போனது. என் வாழ்க்கையில் சந்தோஷமாகப் போன வருடங்களில் அது ஒன்று.

புத்தளம் டவுனில் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால் யாருக்கும் என்னைத் தெரியாத சிலாபத்துக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கொப்பியை வாங்கி நிதானமாக வாசித்தார். பிறகு, "மகனுக்கா மிஸ்?" என்று கேட்டார். அபாயா போட்ட ஒரு டீச்சர் இப்படியொரு பட்டியலோடு வந்து நின்றால் வேறு என்னத்தைத்தான் நினைப்பார்? ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. மகன் எந்த வகுப்பு என்று கேட்டார். தரம் பத்து என்றேன். உள்ளே கலர் கலராக லைட் எரிகிற கேசிங் பெட்டி ஒன்றைக் காட்டினார். என் மகனுக்கு லைட் பிடிக்காது என்றேன். அறுநூற்றைம்பது வாட்ஸ் பவர் சப்ளை போதுமா, பிறகு பெரிய கார்ட் போட்டால் தாங்குமா என்று நான் கேட்டபோது சிரித்தார். மகன் நன்றாகச் சொல்லித் தந்து அனுப்பியிருக்கிறார் என்றார். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட என்றதும், உப்புக் காற்று பட்டால் துருப்பிடிக்கும், ஜன்னலடியில் வைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள் என்றார். கடைசியில் உத்தரவாத அட்டையில் எழுத மகனின் பெயரைக் கேட்டார்.

ஒரு பெயர் சொன்னேன். கல்யாணமான புதிதில் மனதுக்குள் எடுத்து வைத்திருந்த பெயர் அது. அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதை எழுதுவதைப் பார்க்க முடியாமல் வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாங்கி வந்த பாகங்களோடு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, அஸர் தொழுகைக்கு முன் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் காற்றாடிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றித் திரும்பவும் பூட்டினேன். அப்போதும் அப்படித்தான். கடைக்குக் கோல் எடுத்தேன். மகனிடம் போனைக் கொடுங்கள், சொல்லித் தருகிறேன் என்றார். மகன் டியூஷனுக்குப் போய்விட்டான் என்றேன். அப்படியானால் நாளைக்கு மகனோடு வாருங்கள் என்றார்.

மறுநாள் கணினியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மதுரங்குளி தாண்டும் வரைக்கும், மகன் வராததற்கு என்ன காரணம் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று சொல்வதாக முடிவெடுத்தேன். பிறகு, இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது என்று அதையும் கைவிட்டேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். மதர்போர்டின் மேல் மூலையில் புரொசசருக்கென்று தனியாக ஒரு மின்வயர் குத்த வேண்டும். அதை நான் விட்டிருந்தேன். ஒரு வருடம் படித்தும் அந்த மூலை என் கண்ணில் படவில்லை. அவர் அதைக் குத்தினார். கடையிலிருந்த திரையில் எழுத்துகள் வந்தன.

"மகன் நல்லாக் கட்டியிருக்கார் மிஸ்," என்றார். "வயரெல்லாம் பின்பக்கமா எவ்வளவு ஒழுங்கா எடுத்திருக்கார். கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

அந்தப் பாராட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு மகன் இல்ல," என்றேன். "நான்தான் கட்டினன். எனக்குத்தான் வாங்கினன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சை நிறுத்தினார். தான் குத்திய வயரைக் கழற்றி என் கையில் தந்தார்.

"அப்ப இதையும் நீங்களே குத்துங்க மிஸ்."

இரண்டாவது தடவைதான் வயர் சரியாக உட்கார்ந்தது. திரை எரிந்தது. பிறகு அவர் உத்தரவாத அட்டையைப் பற்றியோ அந்தப் பெயரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "என்ன விளையாடப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். லொறி ஓட்டப் போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு ஸ்டியரிங் ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அவசரமில்லை, முதலில் ஓட்டிப் பழகுங்கள் என்றார்.

அன்று மஃரிப் தொழுதுவிட்டு முதன்முதலாக லொறியைக் கிளப்பினேன். இருபது நிமிடத்தில் ஒரு பாலத்தில் மோதினேன். கணவர் கோல் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் சொன்ன அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் இப்போதும் நான் ஒருத்திதான். கணினி வந்து அதை மாற்றிவிடவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, உண்மையாக இருக்க முடியாத ஒன்றைத் தன் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, முன்பெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற நான், இப்போது அந்தப் பிள்ளையால் தலைநிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய வேறொரு கேள்வியைத் தேடுகிறேன்.