படத்துக்கு அழுத உம்மா

என் உம்மா படம் பார்த்து அழுவதில் எங்கள் தெருவிலேயே பேர் போனவர். கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கமாக இருந்த எங்கள் வீட்டில் ஒரு வீடியோ டெக் இருந்தது. சவூதியில் வேலை செய்து திரும்பியபோது வாப்பா கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதில் ஒரு கசற்றைப் போட்டால் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் பாயில் இடம் பிடித்துவிடுவார்கள். படத்தில் கதாநாயகனின் தாய் ஒருதரம் இருமினால் போதும், உம்மா கண் துடைக்கத் துவாயைக் கையில் எடுத்துவிடுவார். அவள் சாவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். உம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, முன்கூட்டியே தொடங்கிவிடுவார்.

வாப்பா அழமாட்டார். உம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருப்பார். படம் முடிந்து, வந்தவர்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு போன பிறகும் உம்மாவின் அழுகை மட்டும் ஓயாது. வாப்பா எழும்பிப் போய் டெக்கின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "முடிஞ்சாச் செல்லு புள்ள, டெக்க நிப்பாட்டுறன்" என்பார். ஈரத் துவாய் பறந்துபோய் அவர் முதுகில் விழும். எங்கள் வீட்டில் எந்தப் படமும் இப்படித்தான் முடியும்.

படங்களில் சாவு எப்படி வரும் என்பது எனக்கு நெட்டுரு. முதலில் அடுப்பில் பால் பொங்கி வழியும். வெயில் எறிக்கும்போதே இடி இடிக்கும். ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நிற்பான், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். வீட்டுக்காரியின் கையில் கட்டாயம் ஒரு தட்டு இருக்கும், அது விழும். பிறகு அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கைக் காப்புகளைச் சுவரில் அடித்து உடைப்பாள். எங்கள் ஊர் மவுத்து வீடுகளில் இப்படி எதுவும் நடப்பதில்லை. கொஞ்சம் சத்தம் போட்டு அழுதாலே, கிடத்தியிருக்கும் மையித்துக்கு வேதனை என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் ஊர்ச் சாவுகளில் என்னவோ குறைகிறது என்பது பத்து வயதில் என்னுடைய அபிப்பிராயம்.

2004 டிசம்பரில், அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தபோது வாப்பா வீட்டில் இல்லை. அவர் தேங்காய் வியாபாரி. முதல் நாளே கொள்வனவுக்காக லொறியில், தெற்கே கடலோரம் இருக்கும் கோமாரிக்குப் போயிருந்தார். உம்மாவும் நானும், கைக்குழந்தையோடு உம்மாவின் தங்கையான சாச்சியும் மேற்கே ஓடினோம். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் ஓடி முடிக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத இன்றைக்கும் என் கைக்கு வலு வரவில்லை. வீடு, பாய், டெக் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. முகாமாக மாறியிருந்த சம்மாந்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வகுப்பறையின் மூலை எங்களுக்கு வீடாயிற்று.

இரண்டு மூன்று நாள் கழித்து, கோமாரிப் பக்கமிருந்து தப்பி வந்த ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். வாப்பாவின் லொறி நின்ற இடத்தில் இப்போது கடல்தான் நிற்கிறது என்றார். நான் உடனே உம்மாவின் கையைப் பார்த்தேன். கையில் ஒரு தகரத் தட்டு இருந்தது. அது விழவில்லை. உம்மா அதைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க கண்ணால கண்டயளா?" என்று கேட்டார்.

"இல்ல, ஆக்கள் கதைச்சாங்க."

"அப்ப தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவுதான். துவாய் துவாயாக நனைத்தவர் வாப்பாவுக்காக ஒரு சொட்டு விடவில்லை. கதாநாயகனின் தாய் மீதிருந்த அன்பு கூட உம்மாவுக்கு வாப்பா மீது இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். முகாமிலும் அதே பேச்சுத்தான். படத்துக்கு அழுறவ புருஷனுக்கு அழல்லியே கா, என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கதைத்துக்கொண்டார்கள்.

சாச்சியின் கணவரான சாச்சா ஆசுபத்திரி ஆசுபத்திரியாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகு முகாமின் மூத்த பெண்கள் கூடிப் பேசி ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மூலைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, படுக்கை விரிப்பொன்றைத் திரையாகவும் தொங்கவிட்டார்கள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருப்பது எங்கள் வழக்கம். அந்தத் திரைக்குள் உம்மா போய் உட்கார்ந்துவிட்டால், வாப்பா மவுத்து என்று ஊர் முடிவு கட்டிவிட்டதாக அர்த்தம். பிறகு யாரும் தேடமாட்டார்கள்.

உம்மா உட்காரவில்லை. பெண்கள் மவுலவியைக் கூட்டிவந்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நேராக நின்றார்.

"அவர்ர மையித்தக் கண்ட ஒரு ஆளக் காட்டுங்க. இப்பவே இந்தத் திரைக்குள்ள போறன். ஒருத்தரும் காணல்லெண்டா என்னைய இருத்தாதீங்க."

மவுலவி தாடியைத் தடவினார். அவருடைய வீட்டிலும் இழப்பு நடந்திருந்தது. "மவுத்து நிச்சயமில்லாம இத்தா இல்ல. அவ செல்றது சரி. அவவ உடுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வந்த பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். திரை மட்டும் அவிழ்க்க ஆளில்லாமல் அங்கேயே தொங்கியது. உம்மா அந்த வெள்ளைச் சேலையை விரித்துப் பார்த்து, "நல்ல பருத்தி" என்றார். பிறகு அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்துச் சாச்சியின் குழந்தைக்கு இடுப்புத் துணியாக்கினார். மறுநாள் காலை பள்ளிக்கூட வேலி நீளத்துக்கும் உம்மாவின் இத்தாச் சேலை துண்டு துண்டாகக் காய்ந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் கமெராவோடு ஒரு தம்பி கொழும்பிலிருந்து வந்தார். அழுகிற ஒரு பெண் அவருக்குத் தேவைப்பட்டது. யாரோ உம்மாவைக் கைகாட்டிவிட்டார்கள். உம்மா அப்போது முகாம் சமையலில், பெரிய தாச்சி ஒன்றில் பருப்புக் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்து நின்றார். உம்மா நிமிர்ந்து, "தம்பி, அந்த வாளிய ஒருக்கா இஞ்சால தாங்க" என்றார். அவர் கமெராவைக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தூக்கி வந்தார். அடுத்த வாளியையும் அவரே தூக்கினார். அன்று அவர் தண்ணீர் சுமந்ததுதான் மிச்சம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் குடும்பத்தின் மானம் போகிறது, இனி இதை நான்தான் செய்யவேண்டும் என்று தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "வாப்பா" என்று கத்திக்கொண்டு போய்க் கைக் காப்புகளைப் பள்ளிக்கூடச் சுவரில் ஓங்கி அடித்தேன். அவை பிளாஸ்டிக் காப்புகள். வளைந்து வளைந்து பழையபடி வட்டமாகின. காப்பு உடையவில்லை, மணிக்கட்டுத்தான் வீங்கியது. கமெராத் தம்பி அப்போது மூன்றாவது வாளியோடு கிணற்றடியில் நின்றார்.

உம்மா என் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே விசாரித்தார். வாப்பாவுக்காக அழுதேன் என்று விம்மினேன்.

"அவரு வந்து கேப்பாரு, புள்ளட கை ஏன் வீங்கின எண்டு. நான் என்னத்தச் செல்ற?" என்றார் உம்மா. அந்தக் கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

மொனராகலையிலிருந்து முகாமுக்குப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது, அதற்கும் பல நாள் கழித்துத்தான். வரிசையில் முண்டியடித்து முன்னால் நின்றது நான். சாரதிக்குப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் கக்கத்தில் கட்டையை ஊன்றி இறங்கினார். ஒரு காலில் மாவுக்கட்டு. இடுப்பில், இரண்டு பேர் புகக்கூடிய ஒரு மண்ணிறக் காற்சட்டை. என் வாப்பா சாரனைத் தவிர வேறெதுவும் உடுத்து நான் கண்டதில்லை. ஆகவே முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது.

பார்த்தேன். பூசணிக்காய்களின் மேலால் ஏறி விழுந்து ஓடினேன். முழுப் பள்ளிக்கூடமும் என் பின்னால் ஓடிவந்தது. யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். வேலிக்கு அப்பால் தெருவில் போனவர்கள்கூடச் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அத்தனை வகுப்பறைகளிலும் ஆளுக்கொரு இழப்பைச் சுமந்துகொண்டிருந்த சனம், அன்றைக்கு எங்களில் ஒருவருக்காகக் கைகொட்டிச் சிரித்தது. தண்ணீர்க் குழாயடியில் கதைத்த பெண்கள்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருக்கிறது.

உம்மா தாச்சியடியிலிருந்து வந்தார். ஓடி வருவார், இசை எழும்பும் என்று எதிர்பார்த்தேன். நடந்துதான் வந்தார். வாப்பாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இது ஆர்ர களிசான்?"

"பக்கத்துக் கட்டில்ல கிடந்த சிங்கள மனிசன் தந்த."

அலை வாப்பாவின் காலை முறித்துப் போட்டிருக்கிறது. யாரோ வாகனத்தில் ஏற்றி மொனராகலை ஆசுபத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்துவர அவர் அனுப்பிய ஆள், அப்படியொரு தெருவே இப்போது இல்லையென்று திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கிறான். எங்களை அடக்கிய இடத்தையாவது பார்க்கலாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்த லொறியில் ஏறியிருக்கிறார்.

"நான் உங்க எல்லாருக்கும் அழுது முடிச்சிட்டன் புள்ள. வார்ட்டே என்னோட சேந்து அழுத" என்றார் வாப்பா. எந்தப் படத்துக்கும் அழாத வாப்பா.

"எங்களக் கேக்காமலா?" என்றார் உம்மா.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உம்மா வாப்பாவை எங்கள் வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார், காலுக்குக் கீழே ஒரு பூசணிக்காயை அணை கொடுத்தார், சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார், என் மணிக்கட்டைக் காட்டி முறைப்பாடும் செய்தார். பிறகு எழும்பி, அத்தனை நாளும் கால் வைக்க மறுத்த அந்தத் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளேயிருந்து அழுகை கேட்டது. எந்தப் படத்துக்கும் உம்மா இப்படி அழுததில்லை. நான் திகைத்துப்போனேன். வாப்பா வந்துவிட்டார், கதை முடிந்துவிட்டது, வணக்கம் போடுகிற நேரத்தில் ஏன் அழவேண்டும்? உள்ளே போகப் பார்த்த என்னைச் சாச்சி பிடித்து நிறுத்தினார். "உடு மகள், அழட்டும்" என்றார்.

வாப்பா பாதிச் சோற்றில் எழும்பினார். கட்டையை ஊன்றி ஊன்றித் திரையடிக்குப் போனார். வேலியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துண்டொன்றைச் சாச்சி எடுத்துக் கொடுக்க, அதைத் திரைக்குக் கீழால் உள்ளே நீட்டினார். கை அதை வாங்கிக்கொண்டது. அழுகை நிற்கவில்லை. வாப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"முடிஞ்சாச் செல்லு புள்ள, டெக்க நிப்பாட்டுறன்."

ஈரத் துணி திரைக்கு மேலால் பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும் சிரித்தார், உள்ளேயிருந்து உம்மா சிரிப்பதும் கேட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. டெக்தான் கடலோடு போய்விட்டதே, வாப்பா எதை நிப்பாட்டப் போகிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.