சும்மா இருந்த நாட்கள்

கண்டக்டரம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஓடும் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர், ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அறுபதைத் தாண்டி அவர் ஜிம்முக்குப் போனதற்குக் காரணம் கணவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற ஆள் வேண்டும். மகனும் மருமகளும் பகலெல்லாம் வேலையில் இருப்பார்கள்.

"உன்னால முடியலைன்னா, மாசக் கடைசியில அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்மா" என்றான் மகன்.

அந்நியர் கை பட்டாலே கூனிக் குறுகிப்போகிற மனிதர் அவர். எப்படியும் உடம்பைத் தேற்றுவதென்று அம்மா தீர்மானித்தார்.

ஜிம்முக்கு வழக்கமாகப் போகும் மருமகள் மாமியாரையும் கூட்டிப்போனாள். வந்தது வினை. மருமகள் எடை தூக்கும் நாளெல்லாம் தானும் தூக்கினால்தான் மரியாதை என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். இளையவளுக்கு மறுநாளே உடம்பு தேறிவிடும். இவருக்கு மூன்றாம் நாளும் தொடை கெஞ்சியது. மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார். கேட்டால், படியைத் துடைத்துக்கொண்டே இறங்குகிறாராம். அதை நம்ப வீட்டில் பச்சைக் குழந்தை யாரும் இல்லை.

ஒருநாள் எடை மாட்டாத வெறும் கம்பியே முழங்காலைத் தாண்டவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். எடை தூக்கும்போது தசை நொந்துபோகிறது, ஓய்விலும் உறக்கத்திலும்தான் தேறி வலுக்கிறது, வயது ஏற ஏற அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம் என்று விளக்கினாள்.

"உங்களுக்குத் தெம்பு இல்லாம இல்லம்மா. உடம்பை ஆற விட மாட்டேங்கறீங்க."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கணவரை நினைத்துக்கொண்டார். மருமகள் ஷூவை மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். எடை தூக்குவதைவிட இதுதான் பெரும்பாடு. கொஞ்சம் நடந்தார், வயிறாரச் சாப்பிட்டார், மத்தியானம் கண்ணை மூடினார். தொடை வலி தணிந்த பிறகே கம்பியைத் தொட்டார். எடை மெல்ல ஏறியது.

மாதக் கடைசியில் மகன் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலை மடக்கி, கணவரைத் தூக்க இடுப்பில் கட்டிய வாரைப் பற்றி, நெஞ்சோடு அணைத்து எழுப்பி, திருப்பிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார். இன்றைக்குச் சரி, வலியோடு நாளைக்கு என்ன செய்வாய் என்று மகன் இழுத்தான்.

"இவரும் ஒரு காலை ஊன்றிக்கறாரு, ஜிம்முல தூக்கறது இதைவிடக் கனம்டா. ஒரு வாரமா தினமும் நான்தான் இவரை மாத்தறேன். நீதான் இன்னைக்குப் பாக்கறே."

அப்பா குழறியபடி மகனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நான்... இங்கேயே இருக்கலாமா?"

மகனுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

"இது உங்க வீடுப்பா" என்றான்.