என் படத்துக்குப் படைத்த சோறு

துணுக்காயில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, எங்கள் திரைப்படத்தின் செத்தவீட்டுக் காட்சிகளைப் படமாக்கிக்கொண்டிருந்தோம். அரங்க அமைப்பு என் பொறுப்பு. தெருவில் வெள்ளைக்கொடி கட்டியாயிற்று. சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்க வேண்டும். உள்ளே, இறந்தவருக்கு விருப்பமானதை எட்டாம் நாள் சமைத்துப் படைக்கும் எட்டுச்செலவுப் படையலுக்கு முன்னால் அவருடைய படம் இருக்க வேண்டும். அந்தப் படம்தான் கிடைக்கவில்லை. மாலை போட்ட படம் இல்லாத வீடு அந்த ஊரில் குறைவு. ஆனால் யாரிடம் போய் இரவல் கேட்பது?

“உம்மட படத்தையே வையும். உம்மை இங்க ஆருக்குத் தெரியும்?” என்றார் இயக்குநர்.

எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. அன்று பின்னேரமே கிளிநொச்சிக்குப் போய் அச்சடித்து வந்து பதாகையைக் கட்டினேன். பெயர் கதையில் வருபவனுடையது, முகம் என்னுடையது.

எங்களுக்குச் சமைத்தவர் அந்த ஊர் அக்கா. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். படையலுக்கும் அவர்தான் சமைக்க வேண்டும். மறுநாள் காலை சுவரில் என் படத்தைக் கண்டதும் ஆய்ந்துகொண்டிருந்த முருங்கையிலையைச் சுளகிலேயே விட்டுவிட்டு எழும்பினார்.

“தம்பி, உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் படைக்க மாட்டன்.”

“சும்மா படத்துக்குத்தானே அக்கா.”

“சோறு சும்மா இல்லையே. அடுப்பில வச்சுத்தானே ஆக்கப்போறன்.”

அழுவதற்கென்று வந்த ஊர்ப் பெண்கள் முற்றத்தில் காத்திருந்தார்கள். கடைசியில் அக்கா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “உங்களுக்கு என்ன விருப்பம்?”

கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, உழுந்து வடை என்றேன். எல்லாவற்றையும் சமைத்தார். எதிலும் உப்புப் பார்க்கவில்லை. படைக்கிறதை வாயில் வைக்கக்கூடாதாம். என் படத்தின் முன் இலையைப் போட்டு அந்தக் கறிகளை நானே பரிமாறினேன்.

ஒலிப்பதிவுக்காக எல்லோருடைய தொலைபேசிகளையும் நிறுத்தி ஒரு பெட்டியில் போட்டிருந்தார்கள். சந்தியால் போன யாரோ பதாகையைப் படமெடுத்து, துணுக்காய்ச் சந்தி என்று எழுதி அனுப்ப, அது கைமாறிக் கைமாறி முல்லைத்தீவில் அம்மாவின் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்திருக்கிறார். நான் எடுக்கவில்லை.

மதியம் ஒப்பாரிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு ஓட்டோ வந்து நின்றது. பிறகு ஒரு குரல். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்களின் குரலோடு அது சேரவில்லை. அம்மா கொடிகளுக்கு நடுவால் ஓடிவந்து, கமராவையும் விளக்குகளையும் காணாமல், படத்தின் முன் விழுந்தார். பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள்.

நான் நாலு அடி தள்ளி நின்றேன். இயக்குநர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்: அசையாதே. நான் அசையவில்லை.

அக்காதான் குசினியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். “அம்மா, உங்கட பிள்ளை இருக்கிறான்! இஞ்ச பாருங்கோ, இருக்கிறான்!” என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்தார். கழுத்தை, கைகளைத் தடவினார். பிறகு ஓங்கி அறைந்தார்.

“கொண்ணைக்கே நான் இன்னும் மாலை போடேல்லையடா,” என்றார்.

அண்ணா கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். அவனுடைய படம் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. அது வெளியே வந்ததில்லை.

அந்தச் சாப்பாட்டை யாரும் தொட அக்கா விடவில்லை. வளவின் மூலையில் கிடங்கு வெட்டி இலையோடு புதைத்தார். அம்மா என் படத்தைச் சட்டத்தோடு மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். நானும் கூடப் போனேன். மாங்குளம் தாண்டியதும் அம்மா கேட்டார்:

“நான் வந்ததை நீ காணேல்லையோ?”

“இல்லையம்மா. பின்னுக்கு நிண்டனான்.”

இப்போது படத்தொகுப்பு நடக்கிறது. அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிக் கெஞ்சினேன். முழுப் படத்திலும் உயிருள்ள இடம் அதுதான் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். போன கிழமை எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். அம்மா விழுந்து அழுகிறார். அவருக்குப் பின்னால், அந்த வீட்டு அலுமாரிக் கண்ணாடியில், அவரையே பார்த்துக்கொண்டு நான் நிற்பது தெளிவாகத் தெரிகிறது.

படத்தை எப்போது காட்டுவார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.