உடையட்டும், இழு!

அக்கா விமானம் பழுது பார்ப்பவள், தங்கை ஓட்டுபவள். எதையும் இரண்டாம் தடவை பார்க்காமல் விடமாட்டாள் என்பதால், விமானம் நிறுத்தும் ஹேங்கரில் அக்காவுக்கு 'இன்னொருவாட்டி' என்று பட்டப்பெயர். வயல்களை மேலிருந்து படமெடுக்கும் இரண்டு இருக்கை விமானம் அவர்களுடையது. ஓட்டும் பிடியான ஸ்டிக்கை மணிக்கணக்கில் பிடித்துத் தங்கைக்குத் தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி வலித்தது. அதனால்தான் விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் வாங்கினார்கள்.

அதற்குக் கை மாதிரி வேலை செய்வது சர்வோ என்கிற குட்டி மோட்டார். அக்கா வாலுக்குள் தவழ்ந்து போய், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கம்பியோடு அதைப் பூட்டினாள். ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் இழுத்தும் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

"போதும்க்கா. நீ மாட்டினதுதானே, நீயே கூட வா," என்றாள் தங்கை.

அக்காவுக்குப் பறக்கப் பயம். எத்தனையோ விமானங்களைப் பிரித்துப் பூட்டியவள், ஒன்றில்கூடப் பறந்ததில்லை. மறுத்தால் தன் வேலையைத் தானே நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று ஏறினாள்.

உயரம் போனதும் தங்கை பொத்தானை அழுத்தினாள். ஸ்டிக் தானாக அசைந்தது.

"பேய் ஓட்டுற மாதிரி இருக்குல்ல?"

தங்கை சிரித்து முடிப்பதற்குள் மூக்கு கீழே சாய்ந்தது. பொத்தானை அணைத்தாள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்தாள். ஸ்டிக் இறுகியபடியே நின்றது.

"அக்கா, வரமாட்டேங்குது!"

என்ஜினைக் குறைத்தும் காற்றின் இரைச்சல் ஏறியது. கீழே வயல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"ரெண்டு கையாலயும் இழு!"

"கம்பி அறுந்துடும்க்கா!"

"அறாது! மோட்டார்ல ஒரு நோஞ்சான் ஸ்க்ரூ இருக்கு. இப்படிச் சிக்கிக்கிட்டா உடையறதுக்குன்னே வெச்சது. நான்தான் பூட்டினேன். உடையட்டும், இழு!"

அக்காவும் தன் பக்கத்து ஸ்டிக்கைப் பற்றி இழுத்தாள். பின்னால் எங்கோ 'டக்' என்றது. ஸ்டிக் விடுபட்டது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மூக்கை நிமிர்த்தினாள்.

அப்படியே பத்திரமாகத் தரையிறக்கினாள். இறங்கியதும் தங்கை அக்காவைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே பற்சக்கரத்தின் ஒரு பல் உடைந்து சிக்கியிருந்தது. பூட்டியதில் குறையில்லை. ஆனாலும் அன்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாற்று மோட்டார் வந்தது. அக்கா பெட்டியைத் தொடாமல் சில நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பூட்டினாள். சோதித்துப் பார்க்க வேண்டிய காலையில், தங்கை கூப்பிடும் முன்பே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. நீ கிளப்பு."