ராண்டில் எட்டு, டாலரில் இரண்டு

ஊரடங்கில் சென்னை ஆபீஸை மூடியபோது, கம்பெனி கொடுத்த லேப்டாப்போடு நைனார்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் நெட் வரவில்லை. தெருமுனைக்குப் போனால் கொஞ்சம் வரும், பேச்சு பாதியில் அறுந்துபோகும். வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அப்பா சின்னசேலத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையைப் பேசி முடித்தார். வயசுப் பெண் தனியாக மாடி அறையில் உட்காருவதா என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மறுநாள் காலையில் அம்மா சோற்றுத் தூக்கோடு என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் வெட்டு, மற்ற மாதங்களில் கிடைக்கிற கூலி வேலை. அப்போது வெட்டு இல்லை. அறையின் மூலையில் அம்மா பாயை விரித்து, ஒருநாள் புளி ஆய்ந்துகொண்டும் ஒருநாள் சும்மாவும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கிலீஷ் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது.

என் வேலை கடன் பத்திரங்களுக்கு விலை போடுவது. அரசாங்கமோ பெரிய வங்கியோ கடன் வாங்கும்போது பத்திரம் எழுதித் தரும்: வருடா வருடம் இவ்வளவு வட்டி, கடைசியில் அசல். அந்தப் பத்திரம் இன்றைக்குக் கைமாறினால் என்ன பெறும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு வருடத்துக்கு என்ன வட்டி, ஐந்து வருடத்துக்கு என்ன, பத்து வருடத்துக்கு என்ன என்று புள்ளி வைத்து ஒரு கோடு இழுப்போம். யீல்டு கர்வ் என்பார்கள். டாலருக்கு ஒன்று, யூரோவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிக்கோடு உண்டு.

மாதம் ஒருமுறை ஐரோப்பாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை போகும். அந்த மாதம் அதைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரே நிறுவனம் எழுதிய இரண்டு ஐந்து வருடப் பத்திரங்கள் அடுத்தடுத்து இருந்தன. டாலரில் எழுதியது இரண்டு சதவீதத்துக்குப் பக்கம் தந்தது. தென்னாப்பிரிக்க ராண்டில் எழுதியது எட்டுக்கு மேல் தந்தது. ராண்ட் பத்திரத்துக்கு எதிரே பச்சை நிறத்தில் ‘மலிவு’, அதாவது போடும் பணத்துக்கு வரவு அதிகம், என்று போட்டிருந்தது.

எனக்கு அது ஒப்பவில்லை. ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ராண்டை டாலராக மாற்றித் தருகிறேன் என்று இன்றைக்கே ஒப்பந்தம் போடுகிற வங்கி, இன்றைய விலைக்கு மாற்றித் தராது. ராண்டுக்கு வட்டி அதிகம் என்பதால் குறைத்துத்தான் தரும். வட்டியில் கூடுதலாக வந்தது பெரும்பாலும் அந்தக் குறைவில் கரைந்துவிடும். இரண்டையும் ஒரே நாணயத்துக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது.

மறுநாள் மீட்டிங்கில் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அட்டவணையை உருவாக்கியவர் எங்கள் டீம் லீடர். பாதியிலேயே குறுக்கிட்டார்.

“அது சும்மா தகவலுக்குத்தாம்மா. மூணு வருஷமா இப்படித்தான் போவுது. அடுத்ததப் பாருங்க.”

“சரி சார்” என்றேன்.

மத்தியானம் சோறு போடும்போது அம்மா கேட்டாள். “அந்த ஆம்பளக் குரலு வந்ததும் நீ நிறுத்திட்ட. இன்னா சொன்னாரு?”

“ஒரு எடத்துல தப்பா இருக்குதுன்னு சொன்னேம்மா. வுட்டுடுன்னாரு.”

“தப்புதானா அது? தெரிஞ்சி சொல்றியா, தோணுதுன்னு சொல்றியா?”

சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். உண்மையில் எனக்குத் தோன்றியது மட்டும்தான். ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று நாள், ஆபீஸ் வேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டேன். கல்வராயன் மலைப்பக்கம் மழை இறங்கினால் சின்னசேலத்தில் கரண்ட் போகும். அப்போதெல்லாம் நோட்டில் கையால் போட்டேன். டாலருக்குக் கொண்டுவந்து பார்த்தால், ராண்ட் பத்திரம் டாலர் பத்திரத்தைவிட ஒரு சதவீதம் குறைவாகவே தந்தது. மலிவு என்று எழுதியிருந்த பத்திரம் உண்மையில் விலை கூடியது. ஒரே பக்கத்தில் எழுதி லீடருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் வரவில்லை. அவரைத் தாண்டிப் போவது நல்லதல்ல என்று தெரிந்தேதான் லண்டனில் இருந்த மேலதிகாரிக்கும் அனுப்பினேன்.

அடுத்த மீட்டிங்கில் அந்த லண்டன் அம்மாள் நான் அனுப்பிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“முதல் வருட வட்டிக்கும் ஐந்தாம் வருட மாற்று விலையையே போட்டிருக்கிறீர்களா?”

நோட்டைப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தேன். முதல் வருடம் வரும் வட்டிக்கு முதல் வருட விலை, இரண்டாம் வருடத்துக்கு இரண்டாம் வருட விலை என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

“தப்பு என்னுடையது. நாளைக்குத் திருத்தி அனுப்புகிறேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆனால் எட்டையும் இரண்டையும் பக்கத்தில் வைத்து மலிவு என்று எழுதுவது அப்போதும் தப்புதான்.”

“நாளைக்குப் பார்க்கலாம்” என்றார் அவர்.

மீட்டிங் முடிந்ததும் மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்தபடி இருந்தேன்.

“இன்னாச்சி?” என்றாள் அம்மா.

“நானும் தப்பு பண்ணிட்டேம்மா.”

“அதனால அவுரு தப்பு சரியாப் பூடிச்சா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டத்தயும் சரி பண்ணு. பொழுது சாய இன்னும் நேரம் கெடக்குது.”

மறுபடி முதலிலிருந்து போட்டேன். இரண்டு நாணயங்களின் கோடுகளையும் வருடம் வருடமாக எடுத்து, ஒவ்வொரு வட்டித் தொகைக்கும் அதனதன் விலையைப் போட்டேன். விடை மாறியது. ராண்ட் பத்திரம் டாலர் பத்திரத்தைவிட மயிரிழை அதிகம் தந்தது, அவ்வளவுதான். அட்டவணை காட்டிய ஆறு சதவீதமும் இல்லை, நான் சொன்ன குறைவும் இல்லை. முன்பு அனுப்பிய எண் தவறு, தவறு இன்ன இடத்தில் நடந்தது என்று முதல் வரியிலேயே எழுதி இருவருக்கும் அனுப்பினேன். அந்த வரியை எழுத ரொம்ப நேரம் பிடித்தது.

அடுத்த மாத அட்டவணையில் பச்சை நிறம் இல்லை. சொந்த நாணயத்தில் எவ்வளவு, டாலருக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு என்று இரண்டு பத்திகள் இருந்தன. யாரும் பாராட்டி எழுதவில்லை. லீடர் மட்டும் போன் செய்தார்.

“நீங்க சொன்னது சரிதாம்மா. ஆனா மேல அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

“பண்ணியிருக்கணும் சார்.”

“மத்த நாணயத்துக்கும் நீங்களே போட்டுக் குடுங்க” என்றார். ஆறு நாணயங்கள் பாக்கி இருந்தன.

முதலில் ஜப்பான் யென்னை எடுத்தேன். அதன் கோடு தொடக்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. எட்டிப் பார்த்த அம்மாவிடம், அங்கே கொஞ்ச காலத்துக்கு அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவருக்குப் போட்ட பணத்தைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும் என்று சொன்னேன்.

“குடுத்தவனுக்கே நட்டமா? அப்பறம் எதுக்குக் குடுக்கறான்?”

“பணம் பத்திரமா இருக்கும்னுதாம்மா.”

“வூட்டுலயே வெச்சிக்கினா இன்னா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின் முதல் புள்ளியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.