ஏழு மார்க் கூட

ராசிபுரம் தாண்டும்போது ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாசனை பேருந்துக்குள் வந்தது. அம்மாவின் கைகளில் எப்போதும் அந்த வாசனைதான்.

ஆலைக் களத்தில் கிழங்கு மாவைக் காயவைப்பது அவள் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் தேறாமல் போனவள், கல்யாணத்துக்குப் பிறகு தனித்தேர்வராக அதை நான்கு முறை எழுதினாள். காயும் மாவில் விரலால் முக்கோணம் வரைந்து பழகுவாள்.

நான்காம் முறையும் தோற்றபோது சிரித்தாள். "போன தடவைக்கு இப்ப ஏழு மார்க் கூட, சாமி. அடுத்த தடவ தாண்டிருவேன்."

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. "போதும்மா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிக்கறாங்க" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "செரி சாமி."

அடுத்த பரீட்சை நாளில் அவள் களத்துக்கு வேலைக்குப் போனாள்.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. 'மறுபடி எழுதும்மா' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.