இரண்டு முறை வாசித்தேன்

தக்கலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக நினைக்கும் நர்சுகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வார்கள். தேறியவர்களுக்கு விண்ணப்பம், நேர்காணல், விசா என்று மிச்ச வேலைகளையும் பார்த்துக் கொடுப்பார்கள். நான் அங்கே நான்கு வருடம் இருந்தேன். பாடம் நடத்தும் வேலை இல்லை. மெயில் எழுதும் வேலை.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு கிறிஸ்தவ சபைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக ஆங்கிலம் எடுத்தேன். ஒரு ஜூன் மாதம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு வகுப்பைக் குறைத்தார்கள். கூடவே என்னையும் குறைத்தார்கள். மையத்தை நடத்தியவர் சவூதியில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். முதல் நாளே சொன்னார்:

“வாற ஆளுக்கெல்லாம் தனித்தனியா எழுதிட்டு இருந்தா வேற வேல நடக்காது, டீச்சர். ஒரு தடவ நல்லாயிட்டு எழுதிக் குடுங்க. பேர மட்டும் கம்ப்யூட்டர் மாத்திக்கிடும்.”

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. விசாரித்துவிட்டுப் போனவர்களுக்கு ஒன்று, சேர்ந்தவர்களுக்கு ஒன்று, மூன்று நாள் வகுப்புக்கு வராதவர்களுக்கு ஒன்று, தேர்வுக்கு முந்தின வாரம் ஒன்று, தேறியவர்களுக்கு ஒன்று என எழுதினேன். மழையைப் பற்றி எழுதக் கூடாது, அனுப்பும் நாளில் வெயில் அடிக்கும். ஊர் பேர் கூடாது. குழந்தை உண்டா இல்லையா என்று தெரியாத எதுவும் கூடாது. யாரோ ஒருவருக்கு மட்டும் பொருந்தக்கூடியது எதுவோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது எல்லோருக்கும் பொருந்தும். அதில் எனக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது.

தோற்றவர்களுக்கான மெயில் மட்டும் சரியாக வரவில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்றையும் அவர் திருப்பிக் கொடுத்தார். “சாவு நடந்த துட்டி வீட்டுக்குப் போனது மாதிரி இருக்கு, டீச்சர். வாசிச்சா திரும்ப வரணும்னு தோணாண்டாமா?” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மார்த்தாண்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுத்துத் தேர்வில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றாள். மதியம் சாப்பிட்டு முடித்து, அவளுடைய பயிற்சித் தாள்களை அலமாரியில் இருந்து எடுத்து வாசித்தேன். ஒரு தடவை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். பிறகு ஒரே மூச்சில் அவளுக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: “உன் பயிற்சித் தாள்களை இரண்டு முறை வாசித்தேன். இங்கே நின்றுவிடக்கூடிய ஆள் எழுதிய எழுத்தாக எனக்குத் தோன்றவில்லை. இன்னும் ஒரு முறை எழுது. உன்னால் முடியும் என்று சும்மா சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.” அதன் கீழே, அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அவள் அடுத்த தடவை தேறினாள்.

நான் அனுப்பிய அன்றே மெயிலின் நகல் மையத்தை நடத்தியவருக்கும் போயிருந்தது. மறுநாள் என் மேசைக்கே வந்தார். “இதுதான் டீச்சர், இதுதான் வேணும்.”

“சார், இது அந்தப் பிள்ளைக்கு எழுதினது.”

“அந்தப் பிள்ளைக்கு மனசுல கொண்டது மத்த பிள்ளைகளுக்கும் கொள்ளும்.”

அவளுடைய தடுமாற்றத்தைப் பற்றிய நான்கு வரிகளை எடுத்துவிட்டு, பெயர் இருந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்த மெயில் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு நர்ஸ் என் மேசை முன்னால் வந்து நின்றாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஊர். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து வருடமாக வேலை. படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்துச் சிரித்திருக்கிறோம், பேசியதில்லை. வேலைக்குப் போகும் முன் வந்திருந்தாள். பையில் வெள்ளைச் சீருடை மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

“டீச்சர், ஒரு காரியம் கேக்கணும்” என்று தன் ஃபோனை மேசையில் வைத்தாள். திரையில் என் மெயில் இருந்தது.

“எனக்க கூட வார்டுல ஒருத்தி உண்டு. அவளும் இஞ்சதான் படிச்சா. போன வாரம் அவ தோத்துட்டா. அழுதுட்டு இருந்தா. நான் அவளுக்குத் தைரியம் சொல்லலாம்னு, எனக்கு வந்த மெயில எடுத்துக் காட்டுனேன். அவ பாத்துட்டுச் சிரிச்சா. அவளுக்க ஃபோன எடுத்து நீட்டுனா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். எனக்க பேரு இருக்க எடத்துல அவளுக்க பேரு. மத்ததெல்லாம் ஒண்ணு.”

திரையில் இருந்த என் வரிகளைப் பார்த்தேன்.

“நான் மூணு தடவ தோத்தேன், டீச்சர். மூணு தடவயும் இதுதான் வந்துது. ரெண்டாவது வந்தப்பவே மனசுல என்னவோ தட்டிச்சு. டீச்சருக்கு நேரம் இருந்திருக்காது, பழசயே அனுப்பியிருப்பாவன்னு நெனச்சேன்.”

அவளாகவே எனக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“போன வருசம் மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தாவ. அதுக்கு இந்தப் பரீச்ச வேண்டாம். முப்பத்தஞ்சு வயசு தாண்டாம இருந்தாப் போதும். கூடப் படிச்சவ எனக்க பேரையும் சேத்துக் குடுத்துட்டா. இண்டர்வியூவுக்கு விளிச்சாவ. நான் போவேல்ல.”

“ஏன் போகல்ல?”

“நீங்க எழுதியிருந்தியல்லா.”

அதைக் குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

“வீட்டுக்காரரு போவத்தான் சொன்னாரு. நான் இந்த மெயில அவருக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுனேன். ஒரு டீச்சரு ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதாவ, உமக்கு என்ன தெரியும்னு சண்ட போட்டேன். இப்ப எனக்கு முப்பத்தஞ்சு களிஞ்சாச்சு.” ஃபோனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “எனக்க பேப்பர வாசிச்சியளா, டீச்சர்?”

“இல்ல, மக்கா.”

“ஒரு தடவகூடயா?”

“இல்ல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “செரி. இப்ப வாசியுங்க. ரெண்டு மணிக்குத்தான் டூட்டி.”

அலமாரியில் இருந்து அவள் கோப்பை எடுத்தேன். அந்தத் தேர்வில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். அவரை இனி பார்த்துக்கொள்ளப் போகிற மருத்துவருக்கோ நர்சுக்கோ ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்த நோயாளிக்கு எது முக்கியம், வாசிக்கப் போகிறவருக்கு எது தேவை என்று பார்த்துப் பொறுக்கி எழுத வேண்டும். அவள் இருபதுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருந்தாள். கையெழுத்து அவ்வளவு சுத்தம். ஐந்தாவது கடிதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்த கிழவிக்கும், ஆஸ்துமா வந்த குழந்தைக்கும், சர்க்கரையால் கால் விரலை எடுத்தவருக்கும் ஒரே கடிதம். முதல் பத்தி ஒன்று, கடைசிப் பத்தி ஒன்று. நடுவில் பெயரும் வயதும் நோயும் மட்டும் மாறியிருந்தன.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் பொய் சொல்ல முடியாது.

“இது மனப்பாடம். ஆளப் பாத்து எழுதல்ல. இப்படி எழுதினா எத்தன தடவ எழுதினாலும் தேற முடியாது.”

“இத மனப்பாடம் பண்ணச் சொன்னது உங்க சென்டர்லதான், டீச்சர். மாதிரிக் கடிதம்னு அச்சடிச்சுத் தந்தாவல்லா.”

அந்த மாதிரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அச்சுக்கு அனுப்பியவள் நான்.

“முதல்ல இருந்து படிச்சா வருமா?” என்று கேட்டாள்.

“வரும். ஒரு வருசமாவது ஆகும்.”

“இத அந்த முதல் மெயில்ல எழுதியிருக்கலாம்லா?”

எழுந்துகொண்டாள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். “வேண்டாம் டீச்சர், பஸ்ஸு போயிரும்” என்று படியிறங்கிப் போனாள்.

நாங்கள் அனுப்புகிற மெயிலை யார் எத்தனை தடவை திறந்தார்கள் என்று எங்கள் கணினியில் பார்க்கலாம். அதுவரை அதை நான் கவனித்ததில்லை. அன்று அவள் பெயரைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது மெயிலை ஒரு தடவையும் இரண்டாவதை நான்கு தடவையும் திறந்திருந்தாள். முதல் மெயிலை முப்பத்தொரு தடவை திறந்திருந்தாள்.

சாயங்காலம் மையத்தை நடத்தியவரிடம் போய்ச் சொன்னேன். “அந்த ஒரு வரிய எடுத்துருவோம், சார். வாசிச்சேன்னு சொல்லுததுதான் தப்பு.”

“அந்த வரி இல்லன்னா அது வெறும் நோட்டீஸு, டீச்சர்.”

“அப்ப வாசிச்சிட்டு அனுப்பலாம்.”

“யாரு வாசிக்கியது? நீங்களா? மாசத்துக்கு எத்தன பேரு தோக்காவன்னு உங்களுக்கே தெரியும்.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார்: “அந்தப் பிள்ள கோவமாவா போச்சு? திரும்பச் சேருமா?”

அவர் கெட்டவர் இல்லை. என் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி அனுப்பியவர்தான். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

அன்றே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. மகள் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு மாதம் அங்கேயே இருந்தேன். “இந்தத் தேர்வு இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்” என்று ஒரு மெயில் எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். மதிய நேரங்களில், தோற்றவர்களின் தாள்களை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று முடிந்தது. வாசித்தவர்களை ஃபோனில் கூப்பிட்டுப் பேசினேன். மற்றவர்களுக்கு அதே மெயில் போனது. பட்டனை அமுக்கியது நான்தான்.

ஆறாவது மாதம் ஒருவர் வந்து, அந்த மணவாளக்குறிச்சி நர்சின் வீட்டுக்காரர் என்று சொன்னார். வெயிலில் கறுத்த, மெலிந்த ஆள். கடலுக்குப் போகிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. விண்ணப்பத்துக்கென்று அவள் சேரும்போது கொடுத்த சான்றிதழ்கள் எங்களிடம் இருந்தன. அதை வாங்க வந்திருந்தார்.

“எங்கயாவது வேல கிடைச்சிட்டா?” என்று கேட்டேன்.

“குவைத்துக்குப் போயிருக்கா, டீச்சர். ஒரு வீட்டுல படுக்கையில கெடக்க கிழவனப் பாக்கணும். நர்ஸுன்னுதான் ஏஜெண்டு சொன்னான். விசா அடிச்சு வந்தது வீட்டு வேலைக்கு. இப்பச் சமையலும் அவதான், துணியும் அவதான். வெள்ளிக்கிழம மட்டும் ஃபோன் பண்ணுவா. மகன் பேச மாட்டேங்கான். ஃபோனக் குடுத்தா வெளிய ஓடிருதான்.”

அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அந்த டீச்சருக்கிட்டப் போயி வாங்குங்கன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லேல்ல.” சான்றிதழ்களைப் பனியனுக்குள் வைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார். போகும் முன் அவளுடைய புது நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு என்ன எழுதுவது என்று நான்கு நாள் யோசித்தேன். ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்பிய எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. எதை எழுதினாலும் ஏற்கெனவே எங்கோ எழுதி வைத்தது போலவே வந்தது. கடைசியில், “உன் தாள்களை நான் வாசித்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு” என்று மட்டும் தமிழில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பதில் வந்தது.

“செரி டீச்சர். இங்க ரொம்ப சூடு.”

மகளின் தேர்வு முடிந்த வாரம் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலேயே நான்கைந்து நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சேர்ந்த முதல் வாரமே ஆறு கடிதம் எழுதச் சொல்லி வாங்கி வாசிப்பேன். எவ்வளவு காலம் ஆகும், இந்தத் தேர்வு சரிப்படுமா என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். இதுவரை இரண்டு பேர் அத்தோடு நின்றுவிட்டார்கள்.

போன மாதம் பூதப்பாண்டியில் இருந்து, என்னிடம் சேர்ந்திருந்த ஒரு பிள்ளையின் அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“எனக்க பிள்ளைக்கிட்ட என்னத்தச் சொன்னிய? ரெண்டு நாளா அவ சோறு திங்கேல்ல. ஆறுதலா ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா உங்களுக்கு? நீங்களும் பிள்ள பெத்தவதானே?”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வரவில்லை. தாள்களைக் காட்டுகிறேன் என்றேன். “எனக்கு அதெல்லாம் வாசிக்கத் தெரியாது” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தெருவில் இறங்கிப் போனாள்.

அந்தப் பிள்ளையின் தாள்களை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதும் தவறில்லை. ஆனால் அவள் சோறு தின்கிற மாதிரி அதை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவளுக்கு இரண்டு தடவை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை.